கம்பிச்சுருளும் ஒரு காந்தமும்: மின்காந்தத் தூண்டலைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஆயிரம் சுற்றுகள் கொண்ட தாமிரக் கம்பிச்சுருள் ஒன்று மேசை மேல் இருக்கிறது. அதன் இரு முனைகளும், மிகச் சிறிய மின்னோட்டத்தையும் முள்ளின் விலகலால் காட்டும் கால்வனாமீட்டரோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. மிக வலிமையான காந்தம் ஒன்றைச் சுருளுக்குள் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் தொடாமல் விட்டுவிடுகிறோம். முள் எங்கே நிற்கும்?

பல ஆண்டுகளாக இதை வகுப்பில் கேட்டுவருகிறேன். பாரடே விதியை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள்கூட, "காந்தம் வலிமையானது, அதனால் முள் நிறைய விலகும்" என்றுதான் முதலில் சொல்கிறார்கள். விடை சுழி. முள் அசையாது. காந்தத்தை இன்னும் பத்து மடங்கு வலிமையாக்கினாலும் அசையாது. ஏன் சுழி என்பது மனத்தில் உறைத்துவிட்டால், மின்னியற்றி, மின்மாற்றி, இண்டக்ஷன் அடுப்பு என்று இந்தப் பாடத்தில் வருகிற எல்லாமே ஒரே கயிற்றில் கோத்தாற்போல வந்துவிடும். உறைக்காவிட்டால் ஒவ்வொன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பில் அறிமுகமாகி, பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு முழு அலகாக விரிகிற பாடம் இது. இலங்கையில் படிப்பவர்கள் கால்வனாமீட்டரைக் கல்வனோமானி என்றும், மின்மாற்றியை நிலைமாற்றி என்றும் மாற்றிக்கொண்டு படித்தால் போதும், பொருள் ஒன்றுதான்.

பெரிய அறிஞர்களும் தடுமாறிய இடம்

அந்தக் கேள்விக்குத் தவறாக விடை சொன்னவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. கோபன்ஹேகனில் ஆர்ஸ்டெட் 1820-இல் மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். மின்சாரம் காந்தத்தை உண்டாக்குகிறது என்றால், காந்தம் மின்சாரத்தை உண்டாக்க வேண்டுமே என்ற கேள்வி உடனே எழுந்தது. விடை கிடைக்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின. எல்லோரும் காந்தத்தைக் கம்பிக்கு அருகில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள் என்பதுதான் தாமதத்துக்குக் காரணம்.

ஜெனீவாவைச் சேர்ந்த கொலாடன் 1825-இல் செய்த சோதனை இதில் மிகவும் உருக்கமானது. அவர் பெரிய சுருளும் வலுவான காந்தமும் வைத்திருந்தார். காந்தம் நேரடியாகக் கால்வனாமீட்டரின் ஊசியை இழுத்துவிடக் கூடாது என்று கவனமாக எண்ணி, நீளமான கம்பிகளை இழுத்துக் கருவியை அடுத்த அறையில் வைத்தார். காந்தத்தைச் சுருளுக்குள் செருகினார். பிறகு அடுத்த அறைக்கு நடந்து போய்ப் பார்த்தார். முள் சுழியில் நின்றது. அவர் செருகிய அந்த நொடியில் முள் துள்ளியிருக்கும். அவர் நடந்து சேர்வதற்குள் அடங்கிவிட்டது. அந்த அறையில் கருவியைப் பார்த்துக்கொள்ள ஓர் உதவியாளர் மட்டும் இருந்திருந்தால் இன்று நாம் கொலாடன் விதி என்று படித்துக்கொண்டிருப்போம்.

லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் பாரடே 1831 ஆகஸ்ட் 29 அன்று, சுமார் 15 செ.மீ. விட்டமுள்ள இரும்பு வளையம் ஒன்றில் இரண்டு சுருள்களைச் சுற்றினார். ஒன்றை மின்கலத்தோடும் மற்றதைக் காந்த ஊசிக்கு அருகே செல்லும் கம்பியோடும் இணைத்தார். மின்கலத்தை இணைத்தபோது ஊசி துள்ளியது, பிறகு அடங்கியது. துண்டித்தபோது மறுபடியும் துள்ளியது. மின்னோட்டம் சீராகப் பாய்ந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் ஊசி சும்மா இருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று வெறும் சட்டக் காந்தம் ஒன்றைச் சுருளுக்குள் செருகியும் எடுத்தும் அதே விளைவைக் கண்டார். அமெரிக்காவில் ஜோசப் ஹென்றியும் தனியாகவே இதைக் கண்டறிந்தார். வெளியிட்டதில் பாரடே முந்திக்கொண்டார்.

முதல் படி: சுருளை நீங்களே சுற்றுங்கள்

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இதைச் செய்யச் சொல்வேன். படத்தைப் பார்த்துப் படித்தவருக்கும் கையால் காந்தத்தை ஆட்டிப் பார்த்தவருக்கும் உள்ள வேறுபாட்டை நான் ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன்.

மோட்டார் காயில் கட்டும் கடைகளில் எனாமல் பூசிய மெல்லிய தாமிரக் கம்பி எடைக்குக் கிடைக்கும். 34 கேஜ் கம்பி 50 கிராம் வாங்கினால் போதும். மின் இணைப்புக்குப் பயன்படும் பிளாஸ்டிக் குழாயில் ஒரு சாண் நீளத் துண்டு வேண்டும். அதற்குள் தடையில்லாமல் வழுக்கிச் செல்லும் அளவில், சுமார் 15 மி.மீ. விட்டமுள்ள நியோடிமியம் வட்டக் காந்தங்கள் மூன்று நான்கு வேண்டும். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவிட்டால் ஒரு குட்டைச் சட்டக் காந்தம் ஆகிவிடும். கூடவே இரண்டு சிவப்பு எல்.இ.டி. விளக்குகள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இந்தக் காந்தங்களை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பெருங்கேடு செய்யும்.

குழாயின் நடுவில் சுமார் 2 செ.மீ. அகலத்துக்குள் ஆயிரம் சுற்றுகள் சுற்றுங்கள். அகலமாகப் பரப்ப வேண்டாம். காந்தத்தின் நீளத்தோடு ஒத்திருந்தால் நல்லது. நூறு சுற்றுக்கு ஒரு கோடு தாளில் போட்டுக்கொண்டால் எண்ணிக்கை தவறாது. சுற்றும் திசையை நடுவில் மாற்றக் கூடாது. மாற்றினால் ஒரு பாதி மறுபாதியை அழித்துவிடும். இரு முனைகளிலும் எனாமலை உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டித் தாமிரத்தின் செந்நிறம் தெரியச் செய்யுங்கள். "ஒன்றுமே வரவில்லை" என்று என்னிடம் கொண்டுவரப்படும் சுருள்களில் பெரும்பாலானவற்றின் நோய் இந்தச் சுரண்டப்படாத முனைதான்.

இப்போது பள்ளி ஆய்வகத்திலுள்ள, சுழி நடுவில் அமைந்த கால்வனாமீட்டரைச் சுருளோடு இணையுங்கள். கருவியைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள், ஆனால் கண்ணுக்கு எட்டும் தூரத்தில். முள் கருவி கிடைக்கவில்லை என்றால் டிஜிட்டல் மல்ட்டிமீட்டரை மில்லிவோல்ட் அளவில் வைக்கலாம். அது நொடிக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே எண்ணைப் புதுப்பிப்பதால், வேகமான துள்ளல்களைத் தவறவிடும். காந்தத்தை மெதுவாக நகர்த்தி, எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வருவதையும் போவதையும் மட்டும் பாருங்கள்.

இரண்டாம் படி: ஆறு காரியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி

காந்தத்தின் வடமுனை முன்னே இருக்கும்படி அதை மெதுவாகச் சுருளுக்குள் செருகுங்கள். பிறகு அங்கேயே நிறுத்துங்கள். பிறகு வெளியே இழுங்கள். இதையே வேகமாகச் செய்யுங்கள். காந்தத்தைத் திருப்பித் தென்முனையை முன்னே வைத்துச் செய்யுங்கள். கடைசியாகக் காந்தத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, சுருளை அதன் மேல் நகர்த்துங்கள். ஒவ்வொன்றிலும் முள் எந்தப் பக்கம், எவ்வளவு விலகியது என்று உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு வரி எழுதுங்கள்.

எழுதி முடித்தால், நிறுத்தியபோது சுழி, வேகம் கூடினால் விலகல் கூடும், திசை மாறினால் விலகலின் திசை மாறும், எது நகர்ந்தாலும் ஒன்றுதான் என்பவை உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். பாடநூலின் விதிகள் இதற்கு மேல் சொல்வது, இவற்றை எப்படி எண்ணால் அளப்பது என்பதை மட்டும்தான்.

எல்.இ.டி. எரிய வேண்டும் என்றால், கால்வனாமீட்டரைக் கழற்றிவிட்டு இரண்டு விளக்குகளையும் எதிரெதிராக, அதாவது ஒன்றின் நீண்ட கால் மற்றதன் குட்டைக் காலோடு சேரும்படி, சுருளின் முனைகளில் இணையுங்கள். குழாயின் இரு வாய்களையும் மூடிக்கொண்டு காந்தத்தை உள்ளே வேகமாகக் குலுக்குங்கள். இருட்டறையில் செய்தால் இரண்டு விளக்குகளும் மாறி மாறிப் பளிச்சிடுவது தெரியும். மாறுதிசை மின்னோட்டம் என்றால் என்ன என்று கேட்பவருக்கு இதைக் காட்டினால் போதும்.

மூன்றாம் படி: பாயம் என்ற ஒரே புதிய சொல்

எது மாறினால் முள் அசைகிறது? காந்தம் நகர்வதா? பாரடேயின் வளையத்தில் எதுவும் நகரவில்லை, மின்கலத்தை இணைத்தது மட்டும்தான். ஆகவே நகர்ச்சையைவிடப் பொதுவான ஒரு சொல் வேண்டும். அதுதான் காந்தப் பாயம்.

மழையில் ஒரு சல்லடையைப் பிடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சல்லடை வழியே எவ்வளவு மழை இறங்குகிறது? மழை வலுத்தால் அதிகம். சல்லடை பெரிதானால் அதிகம். கிடையாகப் பிடித்தால் அதிகம். சாய்க்கச் சாய்க்கக் குறையும். செங்குத்தாக நிறுத்தினால் ஒன்றுமே இறங்காது. மழைக்குப் பதில் காந்தப் புலம், சல்லடைக்குப் பதில் கம்பி வளையம். புலத்தின் வலிமை, வளையத்தின் பரப்பு, சாய்வு ஆகிய மூன்றும் சேர்ந்ததே பாயம். மழைத்துளிபோலக் காந்தப் புலத்தில் எதுவும் உண்மையில் ஓடுவதில்லை. எண்ணிப் பார்க்க உதவும் உவமை, அவ்வளவே.

பாயம் = புலம் × பரப்பு × கோணத்தின் கொசைன்

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. இந்தக் கோணம் புலத்துக்கும் வளையத்தின் தளத்துக்கும் இடையில் உள்ளதன்று. புலத்துக்கும், தளத்துக்குச் செங்குத்தாக வரையப்படும் கோட்டுக்கும் இடையில் உள்ளது. "சுருளின் தளம் புலத்தோடு 30 பாகை" என்று கேள்வியில் கொடுத்திருந்தால் 60 பாகையைத்தான் இட வேண்டும். பாயத்தின் அலகு வெபர், புலத்தின் அலகு டெஸ்லா.

மூன்றில் எதை மாற்றினாலும் பாயம் மாறும். காந்தத்தை நகர்த்தினாலோ மின்காந்தத்தின் மின்னோட்டத்தை மாற்றினாலோ புலம் மாறுகிறது. தண்டவாளம்போன்ற இரு கம்பிகள் மேல் ஒரு தண்டை உருட்டினால் பரப்பு மாறுகிறது. சுருளைச் சுழற்றினால் சாய்வு மாறுகிறது. தேர்வில் வரும் கணக்கு எதுவானாலும் முதலில் இந்த மூன்றில் எது மாறுகிறது என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

நான்காம் படி: எவ்வளவு வேகமாக?

பாரடே விதி சொல்வது இவ்வளவுதான்: தூண்டப்படும் மின்னியக்கு விசை = சுற்றுகளின் எண்ணிக்கை × பாய மாற்றம் ÷ எடுத்துக்கொண்ட நேரம். மின்னியக்கு விசை என்பது சுற்றில் மின்னோட்டத்தைத் தள்ளுவது, வோல்ட்டில் அளப்பது. பாடநூலில் இந்தச் சமன்பாட்டின் முன்னால் வரும் கழித்தல் குறி திசையைப் பற்றியது. அதற்குப் பிறகு வருவோம்.

நாம் சுற்றிய சுருளையே கணக்கிட்டுப் பார்ப்போம். காந்தத்தின் முகப்பில் புலம் சுமார் 0.3 டெஸ்லா என்று கொள்வோம். 15 மி.மீ. விட்டத்துக்குப் பரப்பு சுமார் 1.8 ச.செ.மீ., அதாவது 1.8 × 10⁻⁴ ச.மீ. பெருக்கினால் பாயம் ஏறத்தாழ 5.4 × 10⁻⁵ வெபர். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் குலுக்கினால், 2 செ.மீ. அகலச் சுருளுக்குள் காந்தம் நுழைய 0.02 நொடி ஆகும். ஒரு சுற்றுக்கு 0.0027 வோல்ட். ஆயிரம் சுற்றுக்கு 2.7 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. ஒளிரச் சுமார் 1.8 வோல்ட் தேவை, ஆகவே எரிகிறது. முந்நூறு சுற்றோடு சலித்து நிறுத்தியிருந்தால் 0.8 வோல்ட்தான் வந்திருக்கும், விளக்கு இருண்டே இருந்திருக்கும். இது தோராயக் கணக்குதான். ஆனாலும் கையில் பிடித்திருக்கும் பொருளைப் பற்றிய கணக்கு என்பதால், புத்தகத்தின் பத்துக் கணக்குகளைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

புத்தகப் பாணியிலும் ஒன்று. 200 சுற்றுகள், பரப்பு 50 ச.செ.மீ., சுருளுக்குச் செங்குத்தான புலம் 0.4 டெஸ்லா. அந்தப் புலம் 0.1 நொடியில் சுழியாகிறது. பரப்பு 50 × 10⁻⁴ ச.மீ.; பாயம் 0.002 வெபர், விடை 200 × 0.002 ÷ 0.1 = 4 வோல்ட். ஒரு சதுர செ.மீ. என்பது 10⁻⁴ ச.மீ.; 10⁻² என்று எழுதி நூறு மடங்கு தவறும் விடைத்தாள்கள் ஏராளம். அதே சுருளை, புலத்தை மாற்றாமல், 0.1 நொடியில் தலைகீழாகப் புரட்டினால்? பாயம் 0.002-லிருந்து சுழிக்குப் போய் நிற்கவில்லை, மறுபக்கமாக 0.002 ஆகிறது. மாற்றம் 0.004, விடை 8 வோல்ட்.

சுற்று மூடியிருந்தால்தான் மின்னோட்டம் பாயும். திறந்திருந்தாலும் மின்னியக்கு விசை தோன்றும். "மின்னோட்டம் தூண்டப்படுமா?" என்று கேட்டால் ஒரு விடை, "மின்னியக்கு விசை தூண்டப்படுமா?" என்று கேட்டால் வேறு விடை. கேள்வியை இரண்டு முறை படியுங்கள்.

ஐந்தாம் படி: லென்ஸ் விதி, பொறுமையாக

இந்தப் பாடத்தில் மிக அழகான பகுதியும், மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பகுதியும் இதுதான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்ந்த லென்ஸ் 1834-இல் சொன்னது: தூண்டப்படும் மின்னோட்டத்தின் திசை, தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும்.

மாற்றத்தை எதிர்க்கும். காந்தத்தை எதிர்க்கும் என்று அவர் சொல்லவில்லை. இந்த ஒரு சொல்லைத் தவறவிட்டவர்கள், சுருள் எப்போதும் காந்தத்தைத் தள்ளும் என்று எழுதிவிடுகிறார்கள். காந்தம் நெருங்கும்போது சுருள் தள்ளும், உண்மைதான். பாயம் கூடுவது அதற்குப் பிடிக்கவில்லை. அதே காந்தம் விலகும்போது சுருள் அதைப் பிடித்து இழுக்கும். பாயம் குறைவதும் அதற்குப் பிடிக்கவில்லை. விருந்தினர் வரும்போது வாசலை மறித்து, கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொள்ளும் வீட்டுக்காரரைப் போல.

திசை காணும் முறையை வரிசையாகச் செய்யுங்கள். வளையத்தின் வழியே புலம் எந்தப் பக்கம் செல்கிறது? அது கூடுகிறதா, குறைகிறதா? கூடினால் தூண்டப்பட்ட புலம் எதிர்ப்பக்கம். குறைந்தால் அதே பக்கம். கடைசியாக வலது கைப் பெருவிரலைத் தூண்டப்பட்ட புலத்தின் பக்கம் நீட்டி வளையத்தைப் பற்றுங்கள். மடங்கிய விரல்கள் மின்னோட்டத்தின் திசையைக் காட்டும். வடமுனை சுருளை நெருங்கும் உதாரணத்தில் செய்து பாருங்கள்: காந்தத்தின் பக்கமிருந்து பார்க்க மின்னோட்டம் இடஞ்சுழியாக வரும், அந்த முகம் வடமுனையாகும்.

இயற்கை ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது? மாறாக இருந்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். காந்தத்தை லேசாகத் தட்டிவிட்டால் சுருள் அதை உள்ளே இழுக்கும், வேகம் கூடும், மின்னோட்டம் கூடும், இன்னும் வலுவாக இழுக்கும். ஒரு தட்டலுக்கு முடிவில்லாத மின்சாரம் கிடைக்கும். ஆற்றல் அழியா விதி அதை விடாது. மின்சாரம் வேண்டுமானால் யாரோ ஒருவர் தள்ளி உழைத்தாக வேண்டும்.

டைனமோ பொருத்திய சைக்கிளை ஓட்டியவர்களின் காலுக்கு இது முன்பே தெரியும். மாலையில் டைனமோவை டயரின் மேல் சாய்த்துவிட்டால் மிதிப்பது கனக்கும். உருளை டயரில் உரசுவதால் என்று நானும் சிறுவயதில் நினைத்தேன். பாதிதான் சரி. விளக்குக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு மிதித்தால், உரசல் அப்படியே இருந்தும், கனம் குறையும். சுற்று திறந்துவிட்டது, மின்னோட்டம் இல்லை, எதிர்ப்பும் இல்லை. விளக்கின் வெளிச்சம் முழுவதும் உங்கள் தொடையிலிருந்து போகிறது.

சைக்கிள் டைனமோ இப்போது அரிது. சமையலறையில் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். பழைய நான்ஸ்டிக் தவா ஒன்றை எடுங்கள். காந்தம் ஒட்டாத, கனமான அலுமினியத் தவாவாகப் பார்த்து எடுங்கள். சாய்த்துப் பிடித்து ஒரு நாணயத்தை வழுக்கவிடுங்கள், சர்ரென்று இறங்கும். நியோடிமியம் காந்தத்தை வழுக்கவிடுங்கள். தேனில் இறங்குவதுபோலத் தயங்கித் தயங்கி இறங்கும். அலுமினியம் காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை. ஆனால் காந்தம் கடந்து போகும்போது உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி, முன்னால் தள்ளியும் பின்னால் இழுத்தும் அதைத் தடுக்கின்றன. பழைய மின் மீட்டர்களில் சுழன்ற அலுமினிய வட்டு தறிகெட்டு ஓடாமல் ஒரு நிலைக்காந்தம் பிடித்து வைத்ததும் இதே வழியில்தான்.

ஆறாம் படி: மின்னியற்றியும் ஊஞ்சலும்

காந்தப் புலத்துக்குள் சுருளைச் சுழற்றினால் சாய்வு இடைவிடாமல் மாறும். மின்சாரமும் இடைவிடாமல் வரும். 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காராவில் அருவி நீர் சுழற்றுகிறது, நெய்வேலியில் நிலக்கரி எரித்த நீராவி சுழற்றுகிறது, முப்பந்தலில் காற்று சுழற்றுகிறது. சுழற்றுவது யார் என்பதுதான் வேறுபாடு. பெரிய நிலையங்களில் சுருளைச் சுழற்றாமல், உள்ளே காந்தத்தைச் சுழற்றுவார்கள்; இரண்டாம் படியில் நீங்கள் எழுதிய கடைசி வரியின்படி இரண்டும் ஒன்றுதான்.

இங்கே குழப்பும் கேள்வி: சுருளின் வழியே பாயம் மிக அதிகமாக இருக்கும் நொடியில் மின்னியக்கு விசை எவ்வளவு? சுழி. ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். மிக உயரமான இடத்தில் ஊஞ்சல் ஒரு கணம் நிற்கிறது. உயரம் மிக அதிகம், உயரம் மாறும் வேகம் சுழி. பாயமும் உச்சத்தில் ஒரு கணம் மாறாமல் நிற்கிறது. பாயம் சுழியைக் கடக்கும் நொடியில்தான் அது மிக வேகமாக மாறுகிறது, மின்னியக்கு விசை உச்சத்தில் இருக்கிறது. இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, உச்சிக்கு நேர் கீழே சுழி வருகிறதா என்று சரிபாருங்கள்.

ஃபிளெமிங்கின் கை விதிகளில் எந்தக் கை எதற்கு என்பது பலருக்கும் மறந்துபோகும். என் மாணவர்களுக்கு நான் சொல்வது: இடக்கை இயக்கத்துக்கு, வலக்கை மின்சாரம் வருவதற்கு. இ-க்கு இ, வ-க்கு வ. மோட்டார் என்றால் இடது, மின்னியற்றி என்றால் வலது. இரண்டிலும் பெருவிரல் இயக்கம், சுட்டுவிரல் காந்தப் புலம், நடுவிரல் மின்னோட்டம்.

ஏழாம் படி: மின்மாற்றி

பாரடேயின் வளையம்தான் மின்மாற்றி. ஒரு பக்கம் முதன்மைச் சுருள், மறுபக்கம் துணைச் சுருள், இடையில் இரும்பு உள்ளகம். வோல்ட்டுகளின் விகிதம் சுற்றுகளின் விகிதத்துக்குச் சமம். 230 வோல்ட்டை 23 ஆக்க வேண்டும், முதன்மைச் சுருளில் 2,000 சுற்று என்றால், துணைச் சுருளில் 200. மின்னழுத்தம் பத்தில் ஒன்றானால், இழப்பில்லாத மின்மாற்றியில் மின்னோட்டம் பத்து மடங்கு ஆகும், ஆற்றல் கூடுவதில்லை.

மின்கலத்தை இணைத்தால் மின்மாற்றி ஏன் வேலை செய்யாது? முதல் பத்தியின் கேள்விதான் மாறுவேடத்தில் வந்திருக்கிறது. சீரான மின்னோட்டம், சீரான புலம், மாறாத பாயம், சுழி. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை சுழற்சியாக மாறுவதால்தான் தெருமுனை மின்மாற்றி 11,000 வோல்ட்டை வாங்கி வீட்டுக்கு 230 ஆகக் கொடுக்க முடிகிறது. அதன் அருகே கேட்கும் ரீங்காரம், காந்தமாக்கப்படும் இரும்பு நொடிக்கு 100 முறை மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குவதால் வருவது. உள்ளகத்தை ஒரே கட்டியாக வார்க்காமல் காப்பிட்ட மெல்லிய தகடுகளாக அடுக்குவது, தவாவில் பார்த்த அந்தச் சுழல் மின்னோட்டங்கள் உள்ளே எழுந்து இரும்பைச் சூடாக்காமல் தடுப்பதற்கு. இண்டக்ஷன் அடுப்பில் அதே சூடுதான் வேண்டியது; அதனால்தான் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்கச் சொல்கிறார்கள்.

ஒரு கண்டிப்பு: நீங்கள் சுற்றிய சுருளை எக்காரணம் கொண்டும் வீட்டு மின் இணைப்பில் செருகிவிடாதீர்கள். இந்தக் கட்டுரையிலுள்ள எந்தச் சோதனைக்கும் அது தேவையில்லை.

பயிற்சிக்கு இரண்டு

பாடநூல்களில் அடிக்கடி வரும் ரயில் கணக்கு: அகலப் பாதையில் ஒரு ரயில் மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் போகிறது. புவிக் காந்தப் புலத்தின் செங்குத்துக் கூறு 3 × 10⁻⁵ டெஸ்லா என்றால், அச்சின் இரு முனைகளுக்கிடையே தூண்டப்படும் மின்னியக்கு விசை என்ன? ஒரு நொடியில் அச்சு கடக்கும் பரப்பு நீளம் × வேகம், ஆகவே மின்னியக்கு விசை புலம் × நீளம் × வேகம். பாதையின் அகலம் 1.676 மீட்டர், வேகம் நொடிக்கு 30 மீட்டர். விடை சுமார் 1.5 மில்லிவோல்ட். டெல்லிப் பக்கத்துக்கு இந்தப் புல மதிப்பு பொருந்தும். இதே ரயில் திருநெல்வேலியில் ஓடினால்? காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. 1963-இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கே அதுதான் காரணம். அங்கே புவியின் புலம் கிட்டத்தட்ட முழுக்கக் கிடையாக இருக்கிறது, செங்குத்துக் கூறு மிகச் சிறியது. அதே வேகம், அதே அச்சு, ஆனால் மின்னியக்கு விசை ஏறத்தாழ ஒன்றுமில்லை.

இரண்டாவது உங்கள் குழாயிலேயே செய்ய வேண்டியது. குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, காந்தத்தை மேல்வாயில் விட்டுச் சுருளின் வழியே விழச் செய்யுங்கள். கீழே ஒரு துணியை வையுங்கள். நியோடிமியம் எளிதில் உடையும். நேரத்தோடு மின்னியக்கு விசை மாறுவதை வரைபடமாக வரைந்தால் எப்படி இருக்கும்? முதலில் நீங்களே வரையுங்கள். பிறகு ஆய்வகத்தில், மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் அலைநோக்கி இருந்தால் இணைத்து ஒப்பிடுங்கள். மேலே ஒரு மேடு, சுழியைக் கடந்து, கீழே ஒரு பள்ளம் வரும். பள்ளத்தின் ஆழம் மேட்டின் உயரத்தைவிட அதிகமாகவும், அகலம் குறைவாகவும் இருக்கும். காந்தம் வெளியேறும்போது நுழைந்ததைவிட வேகமாக விழுகிறது. இரண்டின் பரப்பையும் கட்டத் தாளில் எண்ணிப் பாருங்கள். சமமாக இருக்கும், ஏனென்றால் உள்ளே வந்த பாயம் அத்தனையும் வெளியே போயாக வேண்டும்.